வீட்டுக்குள் ஏறிய கால்வாய்த் தண்ணீர்

மட்டாஞ்சேரியில் கால்வாயை ஒட்டியது எங்கள் வீடு. கடல் ஏறும் நாட்களில் சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே வந்துவிடும். போன மாதம் அப்படி வந்ததை என் கணவர் வெறுங்காலோடு நின்று இறைத்தார். அவர் குதிகாலில் சின்ன வெடிப்பு இருந்தது.

மறுநாளே கால் வீங்கிக் காய்ச்சல் அடித்தது. "தன்னால மாறிடும், விடு" என்றவர், பல்வலிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்கினார். வீக்கம் கணுக்காலைத் தாண்டியதும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

அங்கே போட்ட ஊசியும் கேட்கவில்லை.

"சேச்சி, அந்த அழுக்கு வெள்ளத்துலேர்ந்து வெடிப்பு வழியா உள்ள கேறின கிருமியாத்தான் இருக்கும். சாதாரண மருந்துக்கு அடங்கல. எது கேட்கும்னு டெஸ்ட்ல தெரியட்டும்" என்றார் டாக்டர்.

காலில் பரவியிருந்த சிவப்பின் ஓரத்தில் நர்ஸ் பேனாவால் கோடு போட்டிருந்தார். ரிசல்ட் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போர்வையை விலக்கி விலக்கிப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு மருந்துதான் கேட்டது. காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள்.

இப்போது ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரையும் அந்தத் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. டாக்டர் எழுதித் தராத மாத்திரையை யாரும் தொடுவதுமில்லை. ஆனாலும் கடல் ஏறும் நாட்களில், அவர் தூங்கியபின் அந்தக் காலை ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.