நாற்பது கிலோமீட்டரும் வழியிலுள்ள சொந்தக்காரர்களும்

எங்கள் குழுவின் முதல் பயிற்சி நடை ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு தட்டு உப்புமாவிடம் தோற்றது. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டிலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். சிராங்கூன் ரோடு வழியாக பிடோக் வரை இருபது கிலோமீட்டர் என்பது திட்டம். தேக்கா மார்க்கெட் வாசலில் காய்கறிப் பையோடு நின்ற பெரியம்மா எங்களைப் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு அவர் வீட்டுக்குள் நுழையாமல் நடையைக் கட்டினால் அடுத்த தீபாவளி வரை பேச்சுவார்த்தை இருக்காது. உப்புமா வந்தது, காப்பி வந்தது, "கொஞ்சம் படுத்து எந்திரிங்க" என்ற உபசாரமும் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்து, பதினொரு மணிக்கு பஸ் ஏறி வீடு திரும்பினோம்.

குழுவில் நான்கு பேர். என் கணவர், அவருடைய அக்காவான என் நாத்தனார், கணவரின் பள்ளித் தோழரான பாய், நான். பாய்க்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. நான் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை உட்கார வைத்துக் காத்திருக்கச் சொல்வது என் தொழில். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. நாங்கள் பயிற்சி எடுத்தது, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்காக நிதி திரட்டும் நாற்பது கிலோமீட்டர் நடைக்கு. நால்வரும் பத்து மணி நேரத்துக்குள் ஒன்றாக முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் குழு கணக்கில் சேராது.

பெயர் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது நாத்தனார்தான். நான்கு வருடங்களுக்கு முன் தன் கிட்னி ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தவர் அவர். இருவருக்கும் இப்போது ஒரு குறையும் இல்லை. நடப்பதற்கு டாக்டரே சம்மதித்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து குடும்பம் அவரைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தது. ஒரு பையைத் தூக்க விடமாட்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலி வரும்.

எல்லாரையும்விட மோசம் என் கணவர். சிறு வயதிலிருந்து அக்காவும் தம்பியும் ஓரிடத்தில் இருந்தால் சண்டைதான். மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் தொடங்கி, யார் போனை முதலில் வைத்தது என்பது வரை. ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா எது சொன்னாலும் அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் நாத்தனாருக்கு அடியோடு பிடிக்கவில்லை. "நான் நல்லாத்தான் இருக்கேன்னு இவங்க கண்ணு முன்னாடி ஒரு தடவ நடந்து காட்டணும். அதுக்கப்புறம் எவனும் எனக்குச் சேர் போடக்கூடாது," என்று படிவம் நிரப்பும்போது என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் தேக்கா பக்கமே வேண்டாம் என்று பழைய ரயில் பாதையில் வடக்கே நடந்தோம். புக்கிட் பாஞ்சாங்கில் பாயின் தங்கை வீடு இருப்பதை நான் விசாரித்திருக்க வேண்டும். "சும்மா தண்ணி குடிச்சிட்டுப் போயிடலாம் லா," என்றார் பாய். தண்ணீர் ஆட்டிறைச்சி பிரியாணியாக வந்தது. மூன்றாவது வாரம் கேலாங் பாருவில் சித்தப்பா. ஐந்து வாரங்களில் நாங்கள் நடந்த அதிகபட்ச தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர். நான் இரண்டு கிலோ எடை கூடியிருந்தேன்.

"இது என்ன நடையா, கல்யாணப் பத்திரிகை வைக்கிற வேலையா?" என்று கத்தினேன். பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதை. "நீ உக்காரும்மா, அவங்க நடக்கட்டும்" என்பார்கள். மரியாதைக்காக நாத்தனார் உட்காருவார். உட்கார்ந்த உடனே என் கணவர், "அக்கா களைச்சிட்டாங்க, இன்னைக்குப் போதும்" என்பார். அதோடு அன்றைய நடை முடிந்தது.

ஆறாவது வாரம் யூனோஸில் மாமா வீடு. நாங்கள் மூவரும் பழக்கதோஷத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டோம். நாத்தனார் கழற்றவில்லை. கிரில் கதவுக்கு வெளியே நின்றார்.

"ஒத்தக் கிட்னிய வச்சிக்கிட்டு உனக்கு எதுக்கும்மா இந்த வேல? உள்ள வந்து உக்காரு," என்றார் மாமா.

"காப்பிய இங்க குடுங்க மாமா, நின்னுக்கிட்டே குடிக்கிறேன். ஷூவக் கழட்டினா உக்கார வச்சிடுவீங்க. நாலு வருஷமா உக்கார வச்சிக்கிட்டுத்தான இருக்கீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். மாமா உள்ளே போய் நான்கு கோப்பை காப்பி கொண்டுவந்து கதவருகே நீட்டினார். நான் வெட்கத்தோடு குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டேன். அன்று பிடோக் போய்ச் சேர்ந்தோம். முழுதாக இருபது கிலோமீட்டர்! பஸ் இன்டர்சேஞ்சுக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஷூ கழற்றக்கூடாது என்பது எங்கள் சட்டம். பெரியம்மா ஒரு வாரம் கோபித்துக்கொண்டார். மறுவாரம் அவரே பிளாஸ்க்கோடு தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கி வந்து நின்றார். கடைசி மாதத்தில் நாங்கள் போகும் வழியெல்லாம் புளோக்குகளின் அடியில் திறந்து கிடக்கும் வாய்டு டெக்கில் யாராவது ஒரு சொந்தக்காரர் வாழைப்பழத்தோடு காத்திருந்தார். இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு என்று தூரம் ஏறியது.

நடை நாளன்று காலை ஆறரைக்குத் தொடங்கினோம். முப்பத்து மூன்றாவது கிலோமீட்டர் வரை என் அட்டவணைப்படி எல்லாம் நடந்தது. நல்ல வெயில். திடீரென்று என் கணவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பாதையோர பெஞ்சில் சாய்ந்தார். இன்னும் இரண்டு மணி நேரம், ஏழு கிலோமீட்டர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "போதும்க்கா. நீயும் கஷ்டப்படாத, உக்காரு," என்றார்.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார். "டேய், எந்திரி. நல்ல கிட்னியாப் பாத்துத்தான் குடுத்தேன். அக்கா பழசக் குடுத்துட்டான்னு ஊரு சொல்லவா?"

நான்கு வருடங்களில் ஒருமுறைகூட அவர் தம்பியிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்காமல், "கிட்னி நல்லாத்தான் இருக்கு, காலுதான் என்னுது," என்றார்.

"உன் காலு எப்பவுமே மட்டம்தான். ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல கடைசியா வந்தவன்தான நீ?"

"அது ஒரு வருஷம்தான்."

"ரெண்டு வருஷம்."

"ஒண்ணு."

நாத்தனார் குனிந்து அவர் காலை நீவிவிட்டார். சண்டையை விடாமலே என் கணவர் எழுந்தார், நொண்டினார், நடந்தார். பதினான்கு நிமிடங்கள் மிச்சமிருக்க, நால்வரும் கை கோத்து முடிவுக் கோட்டைத் தாண்டினோம். நான் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அழுதேன். பாய் வழியில் போனவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார்.

திரும்பும் ரயிலில், கோட்டில் யார் கால் முதலில் பட்டது என்று அடுத்த வாக்குவாதம் தொடங்கியது. "ஒத்துக்கோடா," என்று நாத்தனார் பதக்கத்தால் அவர் தோளில் ஒன்று போட்டார். அவர் குவீன்ஸ்டவுன் வரும்வரை ஒத்துக்கொள்ளவே இல்லை. நாத்தனாரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.