பூவிழிக்கு ஆறு வேளை

மூன்று வயது முடிந்தபோது பூவிழியின் எடை ஒன்பது கிலோ நானூறு கிராம். போன மாதம் பார்த்ததைவிட இருநூறு கிராம் குறைவு. ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் பிரிவில் ஆலோசகராக இருந்த சிவசங்கரி, சத்துக்குறைவை அளக்கும் கலர் டேப்பைப் பிள்ளையின் கையில் சுற்றிப் பார்த்தார். சிவப்பைத் தொட்டும் தொடாமலும் மஞ்சளில் நின்றது.

"மாத்திரை தவறாம குடுக்கிறியாம்மா?"

"குடுக்கிறேன் மேடம். காலையில ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி. தண்ணியில கரைச்சு ஒரு சொட்டு விடாம குடுத்துடுறேன்."

கொளஞ்சி சொன்னதில் பொய்யில்லை. சோறுதான் உள்ளே போகவில்லை. சிவசங்கரி பிள்ளையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு முழுக்க வெள்ளையாகப் படிந்து, ஓரமெல்லாம் புண்ணாக இருந்தது.

"இந்த வாயில காரம் பட்டா எப்படிம்மா சாப்பிடும்? டாக்டர்கிட்டச் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கித் தர்றேன். சோத்தைக் குழைச்சு, பருப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு ஆறவெச்சுக் குடு. வேர்க்கடலையை அரைச்சு சத்துமாவுக் கஞ்சியில கலந்துக்கோ. முட்டை குடு. மூணு வேளை பத்தாது. கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை குடுக்கணும்."

"நான் வேலைக்குப் போயிடுறேனே மேடம்."

"அப்ப பார்த்துக்கிறவங்களுக்கு விஷயம் தெரியணும். நீதான் சொல்லணும், நாங்க சொல்ல மாட்டோம்."

பார்த்துக்கொண்டவள் கலைமதி, கொளஞ்சியின் நாத்தனார். பக்கத்து வீடு. விடிந்ததும் கொளஞ்சி மரக்காணம் உப்பளத்துக்கு உப்பு வாரப் போய்விட்டால், மதியம் திரும்பும்வரை பூவிழி அவள் பொறுப்பு. தன் இரண்டு பிள்ளைகளுக்குப் பிசையும் மீன் குழம்புச் சோற்றையே இதற்கும் ஊட்டுவாள். பூவிழி கத்தித் துப்பிவிடும். "என்னா அடம்" என்பாள் கலைமதி.

கொளஞ்சியின் புருஷன் பலராமன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெலிந்து மெலிந்து செத்துப்போனான். கடைசி வாரத்தில்தான் அவனுக்கு என்ன என்று தெரிந்தது. ஊருக்குக் காமாலை என்று சொன்னாள். கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கு எடுத்த டெஸ்டில் ஒன்றுமில்லை என்றுதான் வந்திருந்தது. அதற்கப்புறம்தான் அவளுக்கு வந்தது. பால் வழியாகப் பிள்ளைக்குப் போனது. பால் கொடுத்த பதினாலு மாதமும் பிள்ளை எத்தனை தடவை மாரில் வாய் வைத்திருக்கும் என்று நினைப்பு போகும்போதெல்லாம், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவாள்.

கலைமதியிடம் பாதிதான் சொன்னாள்: "புள்ளைக்கு வயிறு சரியில்லையாம். காரம் கூடாதாம்." நாலு நாள் அதன்படி நடந்தது. அஞ்சாம் நாளிலிருந்து பழையபடி குழம்புச் சோறுதான். "என் புள்ளைங்க இதைத் தின்னுதானே வளந்துச்சுங்க?"

அடுத்த வாரம் பூவிழிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மதியம் கொளஞ்சி வந்தபோது பிள்ளை பாயில் துவண்டு கிடந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்று நாள் டிரிப் ஏறியது. வீட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கலைமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கலை, உங்க அண்ணனுக்கு வந்தது காமாலை இல்ல."

அவனுக்கு இருந்ததையும், தனக்கும் பிள்ளைக்கும் இருப்பதையும் சொன்னாள். கலைமதியின் கை சட்டியிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் வழிந்து ஓடியது.

"அண்ணன்கிட்டருந்து உனக்கு வந்துச்சா, உன்கிட்டருந்து அண்ணனுக்கா?"

பதில் கொளஞ்சியிடம் இருந்தது. கர்ப்பத்தின்போது எடுத்த டெஸ்ட் சீட்டே பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். செத்தவனின் தங்கை முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"இப்ப அது எதுக்கு கலை? புள்ளைக்குச் சோறு ஊட்ட ஆள் வேணும். அதான் சொன்னேன்."

கலைமதி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினோரு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. கொளஞ்சி பிள்ளையை உப்பளத்துக்கே தூக்கிக்கொண்டு போனாள். கொட்டகை நிழலில் படுக்கவைத்து, இடையிடையே ஓடிவந்து கைகழுவிக் கஞ்சி ஊட்டினாள். உப்புமேல் பட்டுத் தெறிக்கும் வெயிலில் பிள்ளைக்குக் கண் கூசியது. "ஏம்மா, இந்தச் சூட்டுல புள்ள சுருண்டுடும்" என்றார் மேஸ்திரி சக்கரபாணி. வேறென்ன செய்வது என்று அவரிடம் எப்படிச் சொல்வாள்? கூட வேலை செய்யும் பெண்களின் முகத்தை ஒவ்வொரு காலையும் பார்ப்பாள். யாரும் ஒதுங்கவில்லை. கலைமதி வெளியே மூச்சு விடவில்லை என்று மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கலைமதி வந்தாள். "நானும் வர்றேன், அண்ணி."

சிவசங்கரி முன்னால் உட்கார்ந்ததும் நேராகவே கேட்டாள். "நான் ஊட்டுனா எனக்கு ஒட்டிக்குமா? ஒரே தட்டுல சாப்பிட்டா என் புள்ளைங்களுக்கு வருமா?"

"வராதும்மா. எச்சில்ல, தட்டுல, தொடுறதுல எதுலயும் வராது. தாராளமா ஊட்டலாம்." ஒரு வாழைப்பழத்தை மசித்துக் கிண்ணத்தில் போட்டு அவளிடமே நீட்டினார்.

கலைமதி அங்குமிங்கும் பார்த்து ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். இதற்கு முன்னால் அவள் கையால்தான் ஊட்டுவாள். கொளஞ்சி அதைக் கவனித்தாள். ஆனால் பூவிழி அத்தையைப் பார்த்து வாயைத் திறந்தது. ஒரு வாய், இன்னொரு வாய். கிண்ணத்தில் பாதிக்குமேல் தீர்ந்தது.

மூன்று மாதத்தில் எடை பத்து கிலோ நூறு. டேப் இன்னும் மஞ்சளில்தான் நிற்கிறது. ஆனால் சிவப்பை விட்டு விலகிவிட்டது. நாக்கு சுத்தமாகிவிட்டது. கலைமதி வேளை தவறாமல் குழைத்து, எண்ணெய் விட்டு, ஆறவைத்துக் கொடுக்கிறாள். பூவிழிக்கென்று தனித் தட்டு ஒன்று அவள் வீட்டு அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று தன் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். கொளஞ்சி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆறு வேளையும் நின்றுபோகுமோ என்ற பயம்.

வருகிற ஜூனில் அங்கன்வாடியில் சேர்க்கவேண்டும். மதியம் அங்கே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும். டீச்சரிடம் சொல்வதா, வேண்டாமா? உப்பு வாரும்போதும் கொளஞ்சிக்கு இதே யோசனைதான். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.