பெரிய சக்கரத்து அம்பு

கப்பல் பட்டறையில் அவனுக்கு பெயின்டர் என்றே பேர். பெற்றவர் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவன் கையால் எண் எழுதாத போர்ப்படகு அந்தத் துறையில் கிடையாது. ரோந்துப் படகில் முதல் ரகம் மூக்கில் ஒற்றைப் பீரங்கியோடு வந்தது. இரண்டாம் ரகத்துக்கு முதுகில் நாலு ஏவுகணைக் குழாய் ஏறியது. மூன்றாம் ரகத்தில், அதே உடம்புக்குள் பெரிய என்ஜினைக் கொண்டுபோய்த் திணித்தார்கள். ரகம் எதுவானால் என்ன, வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொரு வால்வுச் சக்கரத்துக்கும் பக்கத்தில், எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று சிவப்பு அம்பு போடுவது அவன் வேலை.

"பீரங்கி இல்லாமக்கூடப் படகு போயிடும், உன் அம்பு இல்லாமப் போகாதுப்பா!" என்று ஃபிட்டர்கள் கிண்டலடிப்பார்கள்.

"பின்னே? பீரங்கிக்குப் பெயின்ட் அடிக்கிறதும் நான்தானே," என்பான் இவனும் சளைக்காமல்.

அந்த மூன்றாம் ரகத்தின் என்ஜின் அறைக்குத்தான் அவன் தம்பியைப் போட்டார்கள். இவனுக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பெண்கள். மூத்தவளைத் தாய்மாமன் மகனுக்கும் இளையவளை வெளியிலும் கொடுத்திருந்தது. நாலு பிள்ளைகளிலும் அப்பாவுக்குக் கடைக்குட்டிதான் உசிர்.

அம்பு போடுகிற அன்றைக்குக் காலையில் மேஸ்திரி சொன்னார்: "பதிமூணு சக்கரம் வழக்கம்போல வலப்பக்கம் மூடும். கடல்தண்ணி உள்ள வர்ற பெரிய சக்கரம் மட்டும் இந்த ரகத்துல இடப்பக்கம். மறந்துடாதே."

"நான் என்ன நேத்து வந்தவனா?"

உச்சிவெயிலில் இரும்பு கொதித்தது. பெயின்ட் நெடி தலையைச் சுற்றியது. இருபத்தாறு வருஷம் பழகிய கை, பதினாலு அம்பையும் வலப்பக்கமே போட்டுவிட்டு வெளியே வந்தது. சரிபார்க்க வந்தவர் பதினாலு இருக்கிறதா என்று எண்ணினார், கையெழுத்துப் போட்டார், போனார்.

முதல் வெள்ளோட்டத்திலேயே கடல்தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஏழு பேர் போனார்கள், மூன்று பேர் வந்தார்கள். தம்பி வரவில்லை. வந்தவர்களில் ஒருவன் விசாரணையில் சொன்னான்: "ஏணியிலேர்ந்து பார்த்தேங்க. பெரிய சக்கரத்தை உசிரைக் குடுத்து வலப்பக்கம் திருப்பிக்கிட்டே இருந்தாரு. தண்ணிதான் கூடிச்சு."

பதற்றத்தில் மூட வேண்டியதைத் திறந்துவிட்டார் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள்.

அதைப் படித்துக் காட்டியபோதுதான், பெரிய சக்கரத்துக்கும் வலப்பக்கமே அம்பு போட்டுவிட்டது பெயின்டருக்கு உறைத்தது. வாயைத் திறந்தான். சிறை, வேலை, வீட்டில் மூன்று பிள்ளைகள் எல்லாம் கண்முன் வந்து நிற்க, வாயை மூடிக்கொண்டான். நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று நினைத்தான். அந்த நாளைக்கு ஒன்பது மாசமாகியும் வரவில்லை.

அப்பா தெருவில் இறங்குவதை விட்டுவிட்டார். "உங்க சின்னவன்தானே படகை முழுகடிச்சது?" என்று டீக்கடையில் ஒருத்தன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். "மூணு வீட்டு ஆம்பளைங்களைக் கொன்னவன் எனக்குப் பிள்ளையா?" என்று படுத்தவர்தான். பெயின்டர் சாயங்காலம் சாயங்காலம் போய் அவர் காலைப் பிடித்துவிடுவான். ஒன்பதாம் மாசம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அதிகாரி முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் கொட்டினான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் அப்படி எதுவும் சொன்ன ஞாபகம் இல்லைங்களே," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதிகாரி நல்ல மனுஷர்தான். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "படகு நூறு ஆள் ஆழத்துல கெடக்கு. யார் இறங்கி உன் அம்பைப் பார்க்கறது? தம்பிமேல இருக்கிற பாசத்துல பழியை நீ வாங்கிக்கப் பார்க்கறே. உன்னை மாதிரி அண்ணன் யாருக்குக் கெடைப்பான்? போ, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனான். தம்பி பெண்டாட்டி வாசலிலேயே நின்று முழுசும் கேட்டாள்.

"நான் நம்பறேன் அத்தான்," என்றாள் கடைசியில். "அவருக்குக் கை தவறாதுன்னு எனக்குத் தெரியும்."

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஒன்பது மாசம் மாமா காலடியில உக்காந்திருந்தீங்களே, அவர் காதுல இதைப் போட்டிருக்கலாமே?"

கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள்தான். அன்றைக்குச் சாத்திய கதவை அப்புறம் அவனுக்கு அவள் திறக்கவேயில்லை.