பாதை பிரியும் இடத்தில் வைத்த தழை

பகல் இரண்டு மணிக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தின் பிற்பகல் மணி வயல்வரை கேட்டது. அந்த நேரம் பார்த்து வயல்காரர் ஆள் அனுப்பினார்: மடை திறக்கப் போகிறார்கள், ஆட்டுக்கிடையை உடனே கிளப்ப வேண்டும். அறுவடை முடிந்த நிலங்களில் எருவுக்காக ஆடுகளை மடக்கி, ஊர் ஊராகப் போவது எங்கள் பிழைப்பு. அடுத்த இடம் குத்தம்பாக்கம்.

என் எட்டு வயது மகள் வகுப்பில் இருந்தாள். ஓடிப்போய் அழைத்து வந்திருக்கலாம். ஆனால் இன்னொரு முறை பாதியில் கூட்டிப்போனால் பெயரை அடித்துவிடுவதாக வாத்தியார் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரர் ஆண்ட அந்த நாளில் எங்கள் கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் என்னைச் சிறு வயதில் அத்தை வீட்டில் விட்டுப்போனதால் கிடைத்தது. மகளை அப்படிப் பிரிய எனக்கு மனமில்லை.

அதனால் எங்கள் வழக்கப்படி, பாதை பிரியும் இடத்தில் ஒரு தழைக்கொத்தைக் குத்தம்பாக்கம் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தக் குறி அவளுக்குத் தெரியும். ஆடாதோடைதான் வைக்க வேண்டும். அதை ஆடு கடிக்காது. நான் அவசரத்தில் கைக்கெட்டிய வேம்பை ஒடித்து வைத்தேன்.

பொழுது சாய்ந்தும் அவள் வரவில்லை. திரும்பி ஓடினேன். பாதை பிரியும் இடத்தில் புதுப் புழுக்கை கிடந்தது. வேறொரு மந்தை போயிருக்கிறது. கொத்தில் ஓர் இலைகூட மிச்சமில்லை.

மற்றப் பாதை செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவது. கரை நெடுகக் கூப்பிட்டேன். தண்ணீரில் மிதந்த கட்டைகளைப் பார்க்கப் பயந்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இப்போதும் நிறைந்த ஏரியைக் கண்டால் சுற்றிப் போய்விடுவேன்.

கிடைக்குத் திரும்பினேன். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று மனைவி பார்த்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி என் மகள். ஏரிக்கரையில் அழுதுகொண்டிருந்தவளை, வழியெல்லாம் கிடை எங்கே என்று விசாரித்துக் கூட்டி வந்திருந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, ஆட்டையெல்லாம் எண்ணிகினு வந்துட்ட. புள்ளைய எண்ணலியா?"

மகளிடம், காலையில் நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிறேன் என்றேன். அவள் கிட்டே வரவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் கிடை எங்க கீதுன்னு இப்பவே சொல்லு நைனா," என்றாள். "சொன்னா போறேன்."