அம்மா எங்கே என்ற பாடம்

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கொடுப்பவர் அவர். பிள்ளைகளுக்கு அவர் ‘எங்கே டீச்சர்’. பந்து எங்கே, பூனை எங்கே என்று தொண்டை கட்டும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். "ஊரையே கேள்வி கேட்டுட்டு வர்ற, நான் ஒண்ணு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குற" என்பாள் வீட்டில் அவரோடு இருந்த அக்கா.

அங்கே வந்த பிள்ளைகளில் ஒரு நாலு வயதுக்காரி, கேட்டதையே திருப்பிச் சொல்வாள். "பூனை எங்கே?" என்றால் "பூனை எங்கே" என்பாள். அதனால் அவளுடைய அம்மாவை அவளுக்குப் பின்னால் உட்காரவைத்தார் டீச்சர். இவர் கேட்டதும், பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அம்மா காதோரம் பதிலைச் சொல்ல வேண்டும். "கட்டிலுக்கு அடியில." மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒருநாள் அம்மாவை ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளியச் சொல்லிவிட்டு, "அம்மா எங்கே?" என்றார்.

"திரைக்குப் பின்னாடி!"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓடிப்போய்த் திரையை இழுத்தாள். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அப்புறம் சில வாரங்கள் அவர்கள் வரவில்லை. பிறகு அப்பா மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூளைக் காய்ச்சல் வந்து, இதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் அம்மா இறந்துபோயிருந்தாள். கீழே இருந்த டீச்சருக்குத் தெரியவே இல்லை.

"துக்கம் கேக்க வர்றவங்க எல்லாம் இவளைக் கட்டிப்பிடிச்சு, அம்மா எங்கடி கண்ணுன்னு அழறாங்க, டீச்சர். உடனே திரைக்குப் பின்னாடின்னு ஓடுறா. வீட்டுல திரையெல்லாம் கழட்டிட்டேன். இப்ப வெறும் ஜன்னல்கிட்ட போய் நிக்கிறா. வேற பதில் சொல்லிக்குடுங்க."

டீச்சர் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கேள்வியைக் கேட்டார். அப்பாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அப்பா கேட்டார். டீச்சர் பிள்ளையின் காதோரம் குனிந்தார். பூசி மெழுகினால் இவளுக்குப் புரியாது. தூங்குகிறாள் என்றால் எழுப்பப் போவாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் வாசலில் நிற்பாள்.

"அம்மா செத்துப்போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க."

பிள்ளை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். சொல்லிவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சரியான பதிலுக்கு எப்போதும் கைதட்டு உண்டு. தட்டாவிட்டால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துப் பழைய பதிலுக்கே போய்விடுவாள்.

டீச்சர் கைதட்டினார். அப்பா எழுந்து வெளியே போய்ச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது, பிள்ளை ஜன்னல் பக்கம் இப்போது போவதில்லை என்றார் அப்பா. "கேட்டா டக்குனு சொல்லிடுறா, டீச்சர். கேக்குறவங்கதான் இப்ப கேக்குறதில்ல."

"நல்லதுங்க" என்றார் டீச்சர். பிள்ளை பாயில் உட்கார்ந்து, அன்றைய பாடத்துக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.