மேடம், பாஸ்வேர்டு மறந்துபோச்சு

தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போட்டுத் தருகிறவருக்குக்கூடத் தெருமுனையில் ஒரு மரியாதை உண்டு; மறந்துபோன பாஸ்வேர்டுக்கு மாற்றுப் போட்டுத் தருகிறவளுக்கு அதுவும் கிடையாது.

தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு அந்த வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்தது. கொஞ்ச நாளில் பின்னாலேயே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பாஸ்வேர்டில் எட்டு எழுத்தாவது இருக்க வேண்டும், நடுவில் எண்ணும் ஏதாவது ஒரு குறியும் வேண்டும், மாதாமாதம் மாற்ற வேண்டும், எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. இத்தனையும் சொன்ன சுற்றறிக்கையில், அதை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று மட்டும் ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதே அவஸ்தையைப் பட்டிருக்கும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சாமி பேர்

நிர்வாகப் பிரிவில் சுப்பிரமணியன் என்று ஒருவர். செவ்வாய்க்கிழமை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடு ஆபீசுக்கு வருவார். அவருடைய பாஸ்வேர்டு முருகன் என்பது அந்தத் தளத்தில் டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் தெரியும். காலையில் அதை அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லியே அடிப்பார். அது அவருக்கு நாளைத் தொடங்கும் வழி.

புது விதி வந்த பிறகு மெஷின் அதை ஏற்கவில்லை. "அதே பேரை வச்சுக்குங்க சார், நடுவுல ஒரு எண்ணும் ஒரு குறியும் சேர்த்தா போதும்" என்று சொல்லி, நானே ஒரு கேள்விக்குறியைப் போட்டுக் காட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் அவர் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. மெதுவாக அந்தக் குறியை அழித்துவிட்டுச் சொன்னார்: "சாமி பேருக்கு நடுவுல கேள்விக்குறி வேண்டாம் மேடம். இப்பவே அப்பப்ப அது தானா வந்து நிக்குது."

துணைச் செயலாளரின் ஞாபகம்

எங்கள் துணைச் செயலாளருக்குச் சட்டப் பிரிவுகள் எல்லாம் மனப்பாடம். பாஸ்வேர்டு மட்டும் நிற்காது. அவர் கண்டுபிடித்த வழி சண்முகம். சண்முகம் அவருடைய பி.ஏ., திருநெல்வேலிக்காரர், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு பிளாக் தள்ளி இருந்தார். மாதம் பிறந்ததும் சண்முகமே புதுப் பாஸ்வேர்டு யோசித்துப் போடுவார். அவரே திறப்பார், அவரே மூடுவார். சுற்றறிக்கைக்கு விரோதம் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அச்சா, அச்சா" என்று துணைச் செயலாளர் சிரித்தார்.

மகள் கல்யாணத்துக்காக அவர் லீவில் சண்டிகருக்குப் போயிருந்தபோது, ஓர் இடமாறுதல் உத்தரவு மேலிடத்தின் ஒப்புதல் வருவதற்கு முன்பே அவர் பெயரில் வெளியே போய்விட்டது. போனில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன் என்றார் சண்முகம். நான் போனே செய்யவில்லை, என் பாஸ்வேர்டை யாருக்கும் சொன்னதும் இல்லை என்றார் துணைச் செயலாளர். விசாரணையில் என்னைக் கூப்பிட்டு, எந்த மெஷினிலிருந்து போயிருக்கிறது என்று கேட்டார்கள். சண்முகத்தின் மெஷின் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு மேல் சொல்ல வாய் திறந்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் போதும் என்றார்கள்.

சண்முகத்துக்கு வரவேண்டிய பிரமோஷன் நின்றது. பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் அவரை ஜபல்பூருக்கு மாற்றினார்கள். சாமான் லாரி கிளம்பும்போது நானும் என் கணவரும் போய் நின்றோம். என் மேல் கோபமா என்று கேட்கத் துணிவு வரவில்லை. அவராகவே பேசினார்: "நான் டைப் அடிச்சதெல்லாம் மெஷின்ல இருக்கும்மா. அவர் அடிக்கச் சொன்னது மட்டும் எங்கேயும் இல்ல."

பிடித்த நிறம்

கணக்குப் பிரிவு ராமச்சந்திரன் மார்கழிக் குளிரில் பஸ் நிறுத்தத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. காரியம் ஆவதற்கு முன்பே அவர் மனைவி செல்வி என்னைத் தேடி வந்தார். மஸ்கட்டில் இருக்கும் கணவரின் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்து, சமீபத்தில்தான் ஈமெயிலில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் இருந்த போன் நம்பர் பழையது. புது விலாசம் அந்த ஈமெயிலுக்குள்தான் இருந்தது.

ஆபீஸ் பாஸ்வேர்டு என்றால் மாற்றிக் கொடுத்திருப்பேன். இது இலவச ஈமெயில்; என் கை எட்டாது. மறந்தவர்களுக்கென்று ஒரு கேள்வி வைத்திருந்தார்கள்: உங்களுக்குப் பிடித்த நிறம் எது? செல்வி நீலம் என்றார். தப்பு. பச்சை, வெள்ளை. கணக்கு பூட்டிக்கொண்டது. அந்தக் கம்பெனிக்கு நிலைமையை விளக்கி எழுதினேன். கணக்குக்கு உரியவரே எழுதினால் உதவுவோம் என்று பதில் வந்தது.

கொள்ளி வைத்ததும் கருமாதியும் அண்ணன் இல்லாமலே நடந்தன. வெயில் காலம் வந்த பிறகு அவர் ஆபீசுக்கு போன் செய்தார். தம்பி பதில் போடவில்லை, மறுபடியும் கோபமோ என்று கேட்டாராம். பிரிவில் யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அண்ணன் மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டுப் போன மறுநாள் செல்வி பென்ஷன் விஷயமாக ஆபீசுக்கு வந்தார். வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "கல்யாணமானதுலேர்ந்து அவருக்குச் சட்டை எடுத்ததெல்லாம் நான்தான் மேடம். உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு ஒருநாள்கூடக் கேட்டதில்ல."

ஒரு வாக்கியம்

கடைசியில் எனக்கு ஒரு நல்ல வழி கிடைத்தது. மனதில் இருக்கிற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் ஆங்கிலத்தில் அடியுங்கள், முடிவில் ஓர் எண்ணும் ஒரு குறியும் போடுங்கள். மற்றவர்களுக்குக் கண்டபடி அடித்த மாதிரி தெரியும், உங்களுக்கு மறக்காது. பலபேருக்கு இது கைகொடுத்தது. தபால் பிரிவுக் கமலா அக்காவுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் ஹிந்தியும் கலந்து ஓயாமல் பேசுவார். பாஸ்வேர்டு மறந்து என்னிடம் வராத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

ஒரு மாதப் பிறப்பில் வந்தார். மெஷின் புதுசை ஏற்கவில்லை என்றார். அடிக்கச் சொன்னேன். உதடு அசைத்து, சொல்லிக்கொண்டே அடித்தார்: "என் பையன் விக்கி இந்த வருஷம் வீட்டுக்கு வந்துடுவான்." பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய அன்றைக்கு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பையோடு வெளியே போனவன் விக்கி. போலீசில் சொன்னார்கள், ஹரித்வார் வரை போய்த் தேடினார்கள். ஒரு தகவலும் இல்லை. மாதாமாதம் முடிவில் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றி, அதே வாக்கியத்தைத்தான் அவர் போட்டு வந்திருக்கிறார். அப்போதுதான் புது மென்பொருள் போட்டிருந்தோம். அது பழையதைப் போலவே இருப்பதை ஏற்காது. "வாக்கியத்தையே மாத்தணும்க்கா" என்றேன், கூடியவரை தணிந்த குரலில். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தூஸ்ரா வாக்கியம் எங்கேர்ந்து கொண்டுவர? என் மனசுல இது ஒண்ணுதான் இருக்கு."

நல்ல பாஸ்வேர்டுக்கு என்ன வழி என்று இப்போது யாராவது கேட்டால், யாரிடமும் சொல்லாதே, யாரையும் நம்பாதே, மனதில் இருப்பதை மாதாமாதம் மாற்றிக்கொள் என்று அதே சுற்றறிக்கையைத்தான் ஒப்பிக்கிறேன். அப்படி இருக்க முடிந்த ஒருவரையும் சர்வீஸ் முழுக்க நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.