அல்மீடா சொல்ல மறுத்த சமாதானம்

அல்மீடா பிப்ரவரியில் இறந்தாள். சபைக்கு வெளியே இறந்தாள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவள் பெற்ற மகன் இல்லை. அங்கத்தினர்தான் தூக்க வேண்டும் என்று விதி. ஏனோக் பின்னால் நடந்து வந்தான். மூப்பர் ஆம்சி ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். அதில் அவள் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது, பிறந்த தேதியோடு.

அந்தத் தேதிதான் அவளைக் கடைசி வரை ஆட்டிவைத்தது. அவள் பிறந்து மூன்றாம் நாள் அதே சாலையில் இன்னொரு பண்ணை வீட்டில் லொவைனா பிறந்தாள். சபையில் பெண்கள் வயது வரிசைப்படி உட்காருவார்கள். ஞானஸ்நானம் வாங்கிய நாள் முதல் அல்மீடாவுக்கு இடது பக்கம் லொவைனா. போதாததற்கு அல்மீடா கட்டிக்கொண்டது லொவைனாவின் அண்ணன் யூரியாஸை. சபையில் பக்கத்து இடம், வீட்டில் நாத்தனார். தப்பிக்க வழியே இல்லை.

வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் காலைக் கழுவ வேண்டும். அவர் நம் காலைக் கழுவுவார். பிறகு கையைப் பிடித்துக் கன்னத்தில் முத்தம். ஜோடியைத் தேர்ந்தெடுக்க முடியாது. உட்கார்ந்திருக்கும் வரிசைதான் ஜோடி.

அல்மீடாவுக்கு வாய் நீளம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. போர்வை தைக்கக் கூடும்போது லொவைனாவின் தையலைத் தூக்கிப் பார்த்து, "எலி கடிச்ச மாதிரி இருக்கு, பிரிச்சுட்டு மறுபடி போடு" என்பாள். அவள் காய்ச்சிய ஆப்பிள் ஜாமை விரலில் தொட்டு நக்கிவிட்டு, "வண்டி அச்சுக்குத் தடவலாம், நல்லா வழுக்கும்" என்பாள். பத்துப் பெண்கள் சிரிப்பார்கள். லொவைனாவும் சிரிப்பாள். கழுத்து மட்டும் சிவந்துபோகும்.

ஏனோக்குக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, அவர்கள் மாட்டுப் பண்ணையில் ஒரே கோடையில் இரண்டு தடவை தொட்டிப் பால் முழுவதும் கெட்டது. குளிர்விக்கும் டீசல் இயந்திரம் நின்றுவிடும். காலையில் கறக்கப் போகும்போதுதான் தெரியும். ஏனோக் ஒரு பழைய கார் பேட்டரி, ஒரு வெப்பநிலை சுவிட்ச், ஒரு மணி, ஒரு சுருள் கம்பி வாங்கிவந்தான். தொட்டி சூடேறினால் வீட்டில் மணி அடிக்கும். அவ்வளவுதான். வீட்டில் மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் சபை அது; கொட்டகையிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்கக் கூடாது என்பது அதன் ஒழுங்கு. தெரிந்துதான் இழுத்தான். அல்மீடாவும் தெரிந்துதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் லொவைனா காலி ஜாடி வாங்க வந்திருந்தாள். மணி அடித்தது.

"அதென்ன சத்தம்?"

"பால் கூப்பிடுது" என்றாள் அல்மீடா.

லொவைனா சிரித்தாள். ஜாடிகளைக் குதிரை வண்டியில் ஏற்றினாள். வண்டி அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மூப்பர் வீட்டுப் பக்கம் திரும்பியது.

வேதத்தில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒருவர் தப்புச் செய்தால் முதலில் தனியாகப் போய் அவரிடமே சொல்ல வேண்டும். கேட்கவில்லையென்றால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் மசியவில்லையென்றால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது மனப்பாடம். லொவைனா முதல் இரண்டையும் தாண்டிவிட்டாள்.

மூப்பர் வந்தார். ஏனோக் கம்பியைச் சுருட்டிக் கொடுத்தான். சபை முன்னால் மண்டியிட்டு ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். "எதுக்கு? பால் கெடாம இருந்ததுக்கா?" என்றான். மண்டியிடவில்லை. வெளியே போட்டார்கள். அவன் நகரத்துக்குப் போய்க் குளிர்சாதன வேலை படித்தான். இப்போது ஒன்டாரியோவின் இந்தப் பகுதிப் பண்ணைகளில் பால் தொட்டிகளைப் பழுதுபார்க்கிறான். யூரியாஸின் முற்றத்தில் பால் லாரி நிற்கலாம், தீவன லாரி நிற்கலாம். மகனின் வேன் மட்டும் சாலையில் நிற்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் அல்மீடா வாரம் ஒரு தடவை சாலைக்கு நடந்து போய், வேனில் ஏறி அவன் பக்கத்தில் உட்காருவாள். அவன் ஹீட்டரைப் போட்டு வைத்திருப்பான்.

லொவைனா தாண்டிய வரிசையை அல்மீடா ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். முதலில் தனியாகப் போனாள்.

"என்கிட்ட ஏன் முதல்ல வரல?"

"சபைக்கு நல்லதுதானே செஞ்சேன்."

"நான் கேட்டது அது இல்ல."

பிறகு இரண்டு பேரோடு போனாள். பிறகு சபைக்குச் சொன்னாள். சபை தீர்ப்புச் சொன்னது: லொவைனா செய்தது எல்லாருடைய நன்மைக்கும், அல்மீடா மன்னிக்க வேண்டும். தப்புச் செய்தவர் என்று யாரும் இல்லை. மன்னிப்பதற்கு மட்டும் ஒருத்தி தேவைப்பட்டாள்.

திருவிருந்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு விசாரணை நடக்கும். ஒவ்வொருவராகச் சிற்றறைக்குள் போய், தேவனோடும் சமாதானம், மனுஷரோடும் சமாதானம் என்று மூப்பரிடம் சொல்ல வேண்டும். ஒருவர் இல்லையென்று சொன்னாலும் எல்லாருக்கும் விருந்து தள்ளிப்போகும். அந்த இலையுதிர் காலத்தில் யூரியாஸ் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவள் உள்ளே போய்ச் சொன்னாள். வெளியே வந்து, "என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்க" என்றாள். பன்னிரண்டு வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை அதே பொய்.

காலும் கழுவினாள். லொவைனாவுக்குப் பெருவிரல் மூட்டு புடைத்திருக்கும். அல்மீடா துண்டால் ஒற்றும்போது அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்துவாள். லொவைனா தன் முறைக்கு வெந்நீர் வாளியைத் தாண்டிப் போய், ஆறிப்போன வாளியிலிருந்து மொண்டு வருவாள். முத்தம் கன்னத்தில் படாது. காற்றிலேயே நின்றுவிடும்.

பன்னிரண்டாவது வருடத்தில், தொட்டி சூடேறினால் சத்தம் போடும் கருவி இல்லாத பண்ணையில் இனிப் பால் எடுக்க மாட்டோம் என்று பால் வாங்குகிறவர்கள் சொன்னார்கள். சபை ஒரு பனிக்காலம் முழுக்க யோசித்தது. ஒழுங்கு மாறியது. கம்பி இழுக்கலாம், மணி வைக்கலாம். மாட்ட வந்தவன் ஏனோக்.

அவனோடு பேசக் கூடாது என்று விதி கிடையாது. ஆனாலும் லொவைனாவின் புருஷன் லேவி கொட்டகை வாசலில் நின்றுகொண்டு நாயிடம் பேசினார்.

"மணியை எங்க வைக்கப் போறாங்கன்னு கேளு, ஷெப்."

"சமையல்கட்டுல வைக்கலாம்னு சொல்லு, ஷெப்" என்றான் ஏனோக், அவனும் நாயைப் பார்த்தே. "அங்கதான் அத்தைக்குக் காது நல்லா கேக்கும்."

ஏனோக் இதைச் சொல்லக் கேட்ட அல்மீடா வேனுக்குள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் காலை சிரிப்பு நின்றுவிட்டது. குதிரையைப் பூட்டிக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போனாள்.

"ஆம்சி, ஒழுங்கு மாறிடுச்சு. என் பையனைக் கூப்பிடுங்க."

"வரட்டும். மண்டி போட்டு ஒப்புக்கொள்ளட்டும். அன்னைக்கே சேத்துக்கறோம்."

"என்னத்தை ஒப்புக்கணும்? உங்க வீட்டுலயே மணி தொங்குது."

"கம்பிக்காக இல்ல, அல்மீடா. கீழ்ப்படியாமைக்காக."

"லொவைனா என்கிட்ட முதல்ல வரல. அது வேதத்துக்கே கீழ்ப்படியாமை. அவ எப்போ மண்டி போடுவா?"

மூப்பர் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றினார். "உன் மனசுல கசப்பு வேர் விட்டிருக்கு."

"வேரா? மரமே நிக்குது. அதோட நெழல்ல நீங்க எல்லாரும் சொகமா உக்காந்திருக்கீங்க."

அக்டோபரில் விசாரணை ஞாயிறு வந்தது. சிற்றறையில் அவள், "தேவனோடு சமாதானம்" என்றாள். நிறுத்திக்கொண்டாள்.

"மனுஷரோடு?"

"இல்ல. ஏனோக்கை வெளிய போட்டது தப்புன்னு இந்தச் சபையில யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லட்டும். அப்புறம் கேளுங்க."

விருந்து தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தடவையும் தள்ளிப்போனது. எல்லாருக்கும் காரணம் தெரியும். எதிரே வந்த வண்டிகள் கையசைக்காமல் போயின. போர்வை தைக்க அவளைக் கூப்பிடவில்லை. பிரசவித்த வீட்டுக்கு அவள் கொண்டு போய் வைத்த ஆப்பிள் கேக், ஒரு துண்டுகூட வெட்டாமல் அவள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. யூரியாஸ் காலைக் காப்பியைக் கொட்டகையில் குடிக்க ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றார் ஒரு நாள்.

"பன்னெண்டு வருஷம் சொன்னேன். உங்க பையன் திரும்பி வந்தானா?"

அவர் காப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

கடைசியில் அவளை ஒதுக்கிவிட்டு விருந்தை நடத்துவது என்று முடிவாயிற்று. நவம்பரில் ஒரு ஞாயிறு. வரமாட்டாள் என்று நினைத்தார்கள். வந்தாள். தன் இடத்திலேயே உட்கார்ந்தாள். அப்பம் அவளைத் தாண்டிப் போனது. கிண்ணமும் தாண்டிப் போனது.

கால் கழுவும் நேரம் வந்தது. பெண்கள் ஜோடி ஜோடியாக எழுந்து வாளிகளுக்குப் போனார்கள். லொவைனா ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஜோடி இல்லை. ஒவ்வொருவராகக் கழுவி முடித்து உட்கார்ந்தார்கள். அவள் கால் மட்டும் உலர்ந்து கிடந்தது.

"ஷூவைக் கழட்டு, அல்மீடா" என்றாள் மெல்ல. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஏன் முதல்ல என்கிட்ட வரல?"

"இங்கயா கேப்பே?"

"இங்கதான்."

லொவைனாவின் கழுத்து சிவந்தது. "வந்திருந்தா என்ன செஞ்சிருப்பே? ஏதாவது ஒண்ணு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சிருப்பே. நான் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எனக்கு உன் வாயைக் கண்டா பயம். சின்ன வயசுல இருந்து பயம். இப்பவும் பயம்."

அல்மீடா யோசித்தாள். "ஆமா. அப்படித்தான் செஞ்சிருப்பேன்."

எழுந்தாள். வெந்நீர் வாளியிலிருந்து மொண்டு வந்தாள். லொவைனாவின் முன்னால் மண்டியிட்டாள். மூப்பர் தொண்டையைச் செருமினார். விருந்தில் சேராதவள் காலைத் தொடக் கூடாது. அல்மீடா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் கழுவினாள். புடைத்த மூட்டை அழுத்தாமல் துடைத்தாள். லொவைனா குனிந்து அவள் ஷூக் கயிற்றைப் பிடித்தபோது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். உன்கிட்ட இருந்து எனக்கு வேண்டியது இது இல்ல. என்ன வேணும்னு உனக்கே தெரியும்."

முத்தம் கிடையாது. வாளியை அப்படியே விட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஒருத்தி கழுவி மற்றவள் கழுவாமல் விட்டதற்கு ஒழுங்கில் இடமில்லை. லொவைனாவின் விருந்து செல்லுமா செல்லாதா என்று மூப்பரும் சபை ஊழியக்காரர்களும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள். அல்மீடா விஷயத்தில் சண்டை வரவில்லை. புதன்கிழமை மூப்பர் வந்தார்.

"சபை முன்னால மண்டி போட்டு ஒப்புக்கணும்."

"லொவைனா முன்னால மண்டி போட்டேனே, அது கணக்குல வராதா?"

"அது ஒழுங்கை மீறினது."

"அப்போ மாட்டேன்."

"வெளிய போட வேண்டியிருக்கும், அல்மீடா."

"என் பையனை அனுப்பின இடத்துக்குத்தானே? வழி தெரியும்."

போட்டார்கள். யூரியாஸ் கையைத் தூக்கி ஆமோதித்தார். ஆமோதிக்காமல் இருந்திருக்கலாம்.

டிசம்பரில் பனி நன்றாக இறங்கிய ஒரு மத்தியானம், பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது. லொவைனா தனியாக நின்றாள். அந்தக் கதவுக்கு ஆறு வாரமாக யாரும் வந்ததில்லை.

"லேவிக்குத் தெரியாது" என்றாள்.

"தெரிஞ்சா நாயை அனுப்புவாரு. என்ன விஷயம்?"

"ஆம்சியைப் பாக்கப் போறேன். நீ என் காலைக் கழுவினது தப்பு இல்ல, எனக்கு அது வேண்டியிருந்துச்சுன்னு சொல்லப் போறேன். உன்னைத் திரும்பச் சேத்துக்கச் சொல்லப் போறேன். போறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். முதல்ல."

அல்மீடா கதவைப் பிடித்தபடி நின்றாள். பன்னிரண்டு வருடமாகக் கேட்டது வந்துவிட்டது. வேறு விஷயத்துக்காக வந்திருந்தது.

"எனக்காகப் போகாத. ஏனோக்குக்காகப் போ. அவனை வெளிய போட்டது தப்புன்னு சொல்லு."

லொவைனா பனியைப் பார்த்தாள். "அது முடியாது, அல்மீடா. அதைச் சொன்னா நான் செஞ்சதும் தப்புன்னு ஆயிடும். அப்புறம் நானும் உன்னோட வெளிய நிக்கணும்."

"நிக்கணும்தான்."

"என்னால முடியாது."

"அப்போ என் பேரை அவர்கிட்ட எடுக்காத. அவனை விட்டுட்டு நான் மட்டும் உள்ள போய் உக்கார மாட்டேன்."

லொவைனா நின்ற இடத்திலேயே நின்றாள். பனி சமையலறைத் தரையில் விழுந்து கரைந்தது.

"உள்ள வர்றதுன்னா வா" என்றாள் அல்மீடா. "இல்லன்னா கதவைச் சாத்து. அடுப்பு அணையுது."

லொவைனா ஒரு காலை எடுத்து வாசற்படியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு காலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள், வெளியிலிருந்து.

அல்மீடா அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டாள். உருளைக்கிழங்கு பாதி உரித்தபடி கிடந்தது. உட்கார்ந்து மீதியை உரித்தாள்.